பூட்டுக்குள் யார் என்ன ஊற்றியது

லண்டனில் மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த ஒரு பென்ஷன்காரர், தம்முடைய பழைய காருக்கென்று அங்கிருந்து ஒரு சின்னத் தகர டப்பா வாங்கி வந்திருந்தார். டப்பாவின் மேல் பனி மூடிய கார் ஒன்றின் படம். பனிக்காலத்தில் கார்ப் பூட்டுக்குள் தண்ணீர் உறைந்து சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, திரும்பாமல் போனால், இந்த மருந்தை உள்ளே பீச்ச வேண்டுமாம். எங்கள் பழைய கராஜில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் அதைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மட்டக்களப்பு வெயிலுக்குப் பூட்டு உறைவதாவது! நான் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

"சிரிக்காதீங்கடா" என்றேன். "மட்டக்களப்பிலயும் பூட்டு உறையும். உறைஞ்ச பூட்டைத் திறந்துதான் நான் இருபது வருசம் சோறு திண்டன்."

கிழவன் அவிழ்த்துவிடுகிறான் என்று நினைத்தார்கள். மோட்டார்த் தொழிலாளர் சங்கச் செயலாளர் முஸ்தபா அன்று அங்கே நின்றார். சங்கம் மலர் ஒன்று போடப் போகிறது, இதையே எழுதித் தாருங்கள் என்றார். அவருடைய தகப்பனார் அலியார், ஒரு காலத்தில் பழுகாமத்துப் போடியார் ஒருவருடைய, அதாவது பெரிய வயற்சொந்தக்காரர் ஒருவருடைய, காரை ஓட்டியவர். "வாப்பாவும் உங்களப் பத்திச் சொல்லுவாரு" என்றார் முஸ்தபா. என்ன சொல்லுவார் என்று நான் கேட்கவில்லை. எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து வைத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது.

முதலில் உறைவது எது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பூட்டுகளில் உறைந்தது தேங்காயெண்ணெய். மார்கழியில் வாடைக்காற்று அடித்து, மூன்று நாள் விடாமல் மழை பெய்தால், விடியற்காலையில் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாகக் கட்டிப்போய் இருப்பதை எல்லோரும் கண்டிருப்பார்கள். அடுப்படியில் வைத்து உருக்கித்தான் தலைக்கு எடுப்போம். அதே எண்ணெய்தான் கார்ப் பூட்டுக்குள்ளும் இருக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றாது. கிணற்றுத் துலாவுக்கும் எண்ணெய், கதவுக் கீலுக்கும் எண்ணெய், பிள்ளையின் காதுக்கும் எண்ணெய் என்று பழகிய கை, காரில் ஒரு துவாரத்தைக் கண்டால் சும்மா இருக்குமா?

வீட்டுப் பூட்டுக்கு அது பாதகமில்லை. திறப்பு உள்ளங்கை நீளம். எண்ணெய் கட்டியிருந்தாலும் பலமாகத் திருப்பினால் திறக்கும். கார்ப் பூட்டுக்குள் இருப்பதோ நகத்தளவான பித்தளைத் தகடுகள் ஐந்தாறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய சுருள்வில். வாவிக்கரை மணலும் உப்பும் எண்ணெயில் குழைந்து, அந்தக் குழம்பு குளிரில் இறுகினால், அந்த வில்லால் தகட்டைத் தள்ள முடியாது. திறப்பு உள்ளே போகும், திரும்பாது. பலம் போட்டால் முறியும். அந்தக் காலத்துக் கார்களில் பல, வெளியிலிருந்து ஒரே ஒரு கதவைத்தான் திறப்பால் திறக்கலாம். மற்றக் கதவுகளுக்கு உள்ளே இருந்துதான் பூட்டு. ஆகவே அந்த ஒன்று மக்கர் பண்ணினால் கார் முழுவதும் பெட்டகம்தான்.

புரட்டாசியில் சரஸ்வதி பூசை வரும். கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் காரைக் கழுவி, மாலை போட்டு, துவாரம் உள்ள இடமெல்லாம் எண்ணெய் விட்டு, பூட்டின் வாயில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். சிலர் கை தாராளமாகச் சந்தனத்தை உள்ளேயே அப்பிவிடுவார்கள். அவர்களைப் பார்த்து மற்ற டிரைவர்களும், பூசை வைக்காதவர்கள்கூட, எண்ணெயை மட்டும் விட்டுக்கொள்வார்கள். மார்கழி பிறந்ததும் கராஜ் வாசலில் வரிசை நிற்கும். அம்பாளுக்கு எங்கள் மேல் இருந்த இரக்கம் என்று நாங்கள் பகிடி விடுவதுண்டு.

நான் அந்தக் கராஜில் சேர்ந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்கு வெகுகாலம் முந்தி. முதல் மூன்று வருடம் சக்கரம் கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகு மார்த்தின் பாஸின் மேசைக்குப் போனேன்.

மார்த்தின் பாஸ் மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேய வழி வந்தவர். தகப்பன் வேட்டைத் துவக்குத் திருத்தியவர், பாட்டன் மணிக்கூடு திருத்தியவர் என்று சொல்லுவார். குட்டையான ஆள், வாயில் எப்போதும் சுருட்டு. வேலை செய்யும்போது மூக்கால் ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருப்பார். எங்களை வைது நான் கேட்டதில்லை. முனகல் நின்றால் கோபம் என்று அர்த்தம். நாங்கள் முனகலைத்தான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்போம்.

உறைந்த பூட்டு ஒன்று வந்தால், அவர் முதலில் பூட்டைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்த ஆளின் முகத்தைப் பார்ப்பார்.

"இதுக்குள்ள ஆர் என்ன ஊத்தின?"

எல்லோரும் ஒரே பதில்தான் சொல்லுவார்கள். "ஒண்டும் ஊத்தல்ல பாஸ்."

"சரி" என்பார். தென்னோலை ஈர்க்கு ஒன்றை எடுத்து, கத்தியால் மெல்லியதாகச் சீவி, திறப்புத் துவாரத்துக்குள் விட்டு, ஒருமுறை சுழற்றி எடுப்பார். கட்டைவிரல் நகத்தில் அதைத் தேய்த்து வெளிச்சத்தில் பிடிப்பார். செம்மையாக இருந்தால் உப்புத் துரு. மினுங்கினால் எண்ணெய். பிறகு மோந்து பார்ப்பார். அதையும் முடித்து, ஒரு வார்த்தை பேசாமல், ஈர்க்கை அந்த ஆளின் மூக்குக்கு நேரே நீட்டுவார். ஆள் தலையைச் சொறிவான். "கொஞ்சம்தான் பாஸ், பூசைக்கு" என்பான். பாஸ் முனகத் தொடங்குவார். இதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. எங்களுக்கும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

துரு என்றால் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். எண்ணெய் உறைந்த பூட்டுக்குச் சூடு. பூட்டுக்கு நேரே நெருப்புப் பிடிப்பவனை அவர் கராஜுக்குள் விடமாட்டார், கதவில் பூசிய மையெல்லாம் கொப்புளித்துவிடும். சூடு காட்ட வேண்டியது திறப்புக்கு. அதையும் சுடரில் பிடித்தால் புகைக்கரி ஒட்டும், கரி உள்ளே போகும். ஆகவே லாம்பை ஏற்றி, சிமினியின் வாய்க்கு மேலே திறப்பைக் குறட்டில் பிடிக்க வேண்டும். கன்னத்தில் வைத்தால் வைத்திருக்க முடியாத அளவு சூடு வந்ததும், முழுவதும் உள்ளே விட்டு, திருப்பாமல் இருபது எண்ண வேண்டும். அவர் போர்த்துக்கேயத்தில் எண்ணுவார், நான் தமிழில். வெளியே எடுத்து, துணியில் துடைத்து, திரும்பவும் சூடு. இப்படி மூன்று தரம். நாலாம் தரம் முதலில் எதிர்ப்பக்கம் ஒரு நூலளவு, பிறகுதான் திறக்கும் பக்கம். அப்போது உள்ளே தகடுகள் ஒவ்வொன்றாக விழுவது விரலுக்குத் தெரியும். அந்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

திறந்த பிறகு பூட்டைக் கழற்றி, பெற்றோலில் கழுவி, காயவைத்து, காரீயத் தூளை ஒரு சிட்டிகை ஊதிவிட வேண்டும். பென்சிலுக்குள் இருக்கிற அதே கரிதான். வழுக்கும், ஆனால் குளிருக்கு இறுகாது. பாஸ் அதை ஒரு வட்டத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். கராஜுக்குள் பூட்டுக்கு எண்ணெய் காட்டக் கூடாது என்பது சட்டம். ஒருமுறை ஒருவன் அவசரத்துக்கு விட்டுவிட்டான். பாஸ் அன்று மத்தியானமே அவனை வீட்டுக்கு அனுப்பினார். அதுவும் வையாமல்தான்.

ஒரே ஒரு ஆள் மட்டும் கேட்டவுடன் உண்மையைச் சொன்னார். அவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. "பிராந்தி" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல். அவருடைய ஊரில் பூட்டுக்குள் பனி உறையுமாம், சாராயச் சரக்கு விட்டால் இளகுமாம். இங்கே அவருடைய சமையற்காரன் விட்ட தேங்காயெண்ணெய்க்கு மேலே தான் பிராந்தியை ஊற்றியிருக்கிறார். பாஸ் ஈர்க்கை விட்டு எடுத்து, மோந்து பார்த்து, பிறகு நாக்கிலும் வைத்துப் பார்த்தார். அன்று முழுவதும் முனகல் பலமாக இருந்தது. லண்டன் டப்பாவைக் கண்டு மற்றவர்கள் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வராததற்கு அந்தத் துரைதான் காரணம்.

உண்மை சொன்னது ஒரே ஒரு ஆள் என்று எழுதிவிட்டேன். அது பிழை. இரண்டாவது ஆளைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு புரட்டாசியில், மாரிக்கு முன்னே பார்த்துத் தரும்படி பழுகாமத்துப் போடியாரின் கார் வந்தது. பழுகாமம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. மாரியில் அந்தப் பக்கத்துப் பாதையெல்லாம் வெள்ளம். ஆகவே போடியார் காரை வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், தோணித்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டில் போட்டு நிறுத்தியிருந்தார். அலியார் அந்தக் கொட்டிலிலேயே படுத்துக்கொள்வார். கார் எப்போதும் பூட்டித்தான் இருக்க வேண்டும் என்பது போடியாரின் கட்டளை. அலியார் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன்.

அன்று மார்த்தின் பாஸ் கராஜில் இல்லை. கிரான் ஊரில் லொறி ஒன்று வயலுக்குள் இறங்கிவிட்டதென்று போயிருந்தார். பூட்டைக் கழற்றி, கழுவி, காயவைத்தேன். காரீயத் தூள் பெட்டியைத் திறந்தேன். அடியில் கறுப்பு மினுக்கம் மட்டும் இருந்தது. யுத்தத்துக்கென்று காரீயமெல்லாம் கப்பலேறிய காலம். கொழும்புக்கு எழுதினாலும் எப்போது வருமோ தெரியாது. தூள் இல்லை என்று சொல்லி, பாஸ் வரும்வரை காரை நிறுத்தி வைத்திருக்கலாம். அன்று பின்னேரம் கோயிலில் பூசை. வீட்டில் மனைவி குளித்து வெளிக்கிட்டுக்கொண்டிருப்பாள். கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஜன்னல் தட்டில் என்னுடைய தலை எண்ணெய்ப் போத்தல் இருந்தது. வேலை முடிந்து கிணற்றடியில் குளித்தபின் வைத்துக்கொள்வதற்கு, மனைவி வெந்தயம் போட்டுக் காய்ச்சித் தந்தது. இரண்டு துளி விட்டேன். மூன்றாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டுப் பூட்டைத் திரும்பவும் கதவில் பொருத்தினேன். அலியார் திறப்பைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"லேசாக் கிறுகுது தம்பி" என்று சந்தோஷப்பட்டார்.

மார்கழியில், வாடை அடித்துக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், போடியாரின் மகளைத் தோணியில் போட்டு இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். தலைப்பிள்ளை, முதல் நாளே தொடங்கிய நோவு, பிள்ளை இறங்கவில்லை. மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் காரில் ஒரு மணித்தியாலம் போக வேண்டும். மூன்று நாள் மழையில் கார் திறக்கப்படாமல் இருந்தது. அலியார் திறப்பைப் போட்டார். உள்ளே போயிற்று, திரும்பவில்லை. மெல்லத் திருப்பினார், பலமாகத் திருப்பினார். முறிந்து பாதி அவருடைய கையில் வந்தது. பெண் மழையில் பாயில் கிடந்து கத்துகிறாள். போடியார் வீட்டுப் பெண்கள் குழறுகிறார்கள். அலியார் தோணிக் கம்பை வாங்கிக் கண்ணாடியை உடைத்து, கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தார். கை கிழிந்தது. அந்தக் காரைக் கிளப்பத் திறப்பு வேண்டாம், சுவிச்சுப் போதும்; கிழிந்த கையோடுதான் ஓட்டினார். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஆண்பிள்ளை.

இதையெல்லாம் போடியார் நாலைந்து நாள் கழித்துக் கராஜில் வைத்துச் சொன்னார். கார் சாக்குக் கட்டிய ஜன்னலோடு வாசலில் நின்றது. கையில் துணி சுற்றிக்கொண்டு அலியார் பக்கத்தில் நின்றார். போடியார் பெரிய ஆகிருதியான மனிதர், வாய் நிறைய வெற்றிலை.

"பாஸ், கண்ணாடியப் பத்தி நீங்க இவன ஒண்டும் சொல்லப்படாது. என்ர மகளும் பேரனும் உசிரோட இருக்கிறது இவனாலதான். அடுத்த போகத்தில இருந்து எங்கட வட்டையில ஒரு துண்டு வயல இவனுக்கு எழுதிக் குடுக்கிறதெண்டு முடிவெடுத்திட்டன்."

அலியார் நிலத்தைப் பார்த்துச் சிரித்தார். சொந்தமாக ஒரு துண்டு வயல் என்பது அவருடைய பரம்பரையில் ஒருவரும் கண்டறியாதது.

மார்த்தின் பாஸ் சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு வழக்கம்போல அந்தக் கேள்வியைக் கேட்டார். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. சாப்பிடு முன் கைகழுவுவதைப்போல அவருக்கு அது பழக்கம்.

"இதுக்குள்ள ஆர் என்ன ஊத்தின?"

"ஒண்டும் ஊத்தல்ல பாஸ்" என்றார் அலியார்.

"சரி." முறிந்த துண்டைக் குறட்டால் எடுத்துவிட்டு, ஈர்க்கைச் சீவி உள்ளே விட்டார். நகத்தில் தேய்த்தார். நன்றாக மினுங்கியது. மோந்து பார்த்துவிட்டுப் போடியாரிடம் நீட்டினார்.

"தேங்காயெண்ணெய்" என்றார் போடியார்.

"எல்லாரும்தான் ஊத்திற" என்றார் பாஸ் அலியாரிடம், தணிவாக. "ஓம் எண்டு சொல்லிப்போட்டுப் போ மனே."

அலியார் ஈர்க்கை வாங்கித் தானும் மோந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போடியாரைப் பார்த்தார்.

"நான் ஊத்தல்ல போடியார்."

"அப்ப ஆர் ஊத்தின?"

"ஊத்தினத நான் காணல்ல."

"டேய், நான் கோவிக்க மாட்டன். உள்ளதச் சொல்லு."

"உள்ளதத்தான் சொல்றன். அல்லாமேல ஆணையா நான் ஊத்தல்ல."

போடியாரின் முகம் மாறியது. வயற்காரர்களின் வழக்குகளையெல்லாம் தீர்த்துவைக்கிற மனிதர். கண்ணாடியையும் பூட்டையும் மன்னிக்கக் கூடியவர். தன்னை முட்டாளாக்குகிறான் என்று தோன்றினால் மட்டும் அவரால் பொறுக்க முடியாது.

"ஒரு ஓம் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார். "கண்ணுக்கு முன்னால எண்ணெய் இரிக்குது, நீ படைச்சவன்மேல ஆணை வைக்கிறாய். இப்பிடிப் பொய் சொல்ற ஒருத்தன என்ர பேரன் ஏறுற காரில எப்பிடி வைச்சிருக்கிற? திறப்ப வைச்சிட்டுப் போ."

அலியார் மடியிலிருந்து திறப்பின் பாதியை எடுத்து மேசையில் வைத்தார். மழைக்குள் இறங்கித் தம் ஊரான காத்தான்குடிப் பக்கம் நடந்தார்.

நான் நாலு அடி தூரத்தில், கழுவுவதற்கென்று பெற்றோல் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் ஊத்தினது என்பதற்கு எவ்வளவு நேரம் தேவை? திறப்புக்கு எண்ணுகிற இருபதில் மூன்றுகூட வேண்டாம். பாஸ் அந்த ஆளை மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பியது ஞாபகம் வந்தது. மனைவி அப்போது மூன்று மாதம். பயந்துவிட்டேன். இதற்கு வேறு நல்ல பெயர் ஏதாவது இருக்கிறதா என்று நாற்பது வருடம் தேடியாயிற்று, கிடைக்கவில்லை.

போடியார் போன பிறகு பூட்டைக் கழுவும் வேலை என்னிடமே வந்தது. பாஸ் பின்னால் வந்து நின்றார். முனகல் இல்லை.

"தூள் எப்ப முடிஞ்ச?" என்று கேட்டார்.

"கார்த்திகையில பாஸ்" என்றேன். புரட்டாசியில் தூள் இருந்ததாகக் காட்டுவதற்குத்தான்; வாய் திறக்காமல் நின்றது முதல் பொய் என்றால், அது இரண்டாவது.

அவர் காலிப் பெட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, மூடி, பழைய இடத்தில் வைத்தார். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் பிறகு கராஜுக்கு வந்த ஒருவரிடமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேசாமல் ஈர்க்கை விட்டுப் பார்த்து, பேசாமல் லாம்பை ஏற்றினார். ஏன் பாஸ் இப்ப கேட்கிறதில்லை என்று வேறொருவர் விசாரித்ததற்கு, "கேட்டு என்ன செய்யிற?" என்றார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. அவர் காலமாகிவிட்டார், இனிக் கேட்கவும் முடியாது.

ஊர் சும்மா இருக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டும் ஒருவன் மறுத்தால், "அலியார் பூட்டுக்கு எண்ணெய் ஊத்தல்ல" என்று சொல்வது டிரைவர்களிடையே வழக்கமாகிவிட்டது. சீட்டாட்டத்தில் சொல்லுவார்கள், தேநீர்க் கடையில் சொல்லுவார்கள். அலியார் யார் என்றே தெரியாத பிள்ளைகளும் பிற்காலத்தில் சொன்னார்கள். சொல்லிச் சிரிக்கும்போது நானும் சிரித்திருக்கிறேன். ஒருமுறை நானே சொன்னேன். இந்தக் கட்டுரையில் எழுதக் கை கூசுகிற வசனம் எதுவென்றால் அதுதான்.

அலியார் பிறகு நெல் லொறி ஓட்டினார், கடைசியில் பஸ் ஓட்டினார். கார் ஓட்டும் வேலைக்கு அவரை ஒருவரும் வைக்கவில்லை. வயல் துண்டு வேறு யாருக்கோ போயிற்று. வழியில் கண்டால் அவர்தான் முதலில் சுகம் விசாரிப்பார். அவர் விசாரித்த ஒவ்வொரு தரமும் எனக்கு அவசர வேலை இருந்தது.

இவ்வளவையும் எழுதி முடித்ததும், இதை முஸ்தபாவின் கையில் கொடுப்பது சரியில்லை என்று பட்டது. மகன் அச்சில் படித்துத் தகப்பனிடம் போய்ச் சொல்லட்டும் என்று விடுவது இன்னுமொரு ஒளிப்பு. போன வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்திருக்கும் நேரம் பார்த்து, பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். சேலை வாங்குவதற்கென்று எத்தனையோ தரம் போன ஊர்.

அலியார் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண்ணில் பூ விழுந்துவிட்டது. குரலை வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார். மருமகள் தேநீர் கொண்டுவந்து தந்தாள். நான் காகிதங்களை எடுத்து, ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். துரையின் பிராந்திக்குச் சிரித்தார். கண்ணாடியை உடைத்தது கல்லால் என்று நான் எழுதியிருந்தேன். "கல்லால இல்ல, தோணிக் கம்பால" என்று திருத்தினார். அதை அங்கேயே பென்சிலால் வெட்டி எழுதினேன். வெந்தய எண்ணெய் வந்த இடத்தில் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் வாசித்துவிட்டேன்.

அவர் ஒரு மாதிரியும் ஆகவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து காக்கா?"

"அண்டைக்கே. அந்த ஈர்க்கில வெந்தயம் மணத்த. நான் தலைக்கும் வெந்தயம் வைக்கிறல்ல, காருக்கும் வைக்கிறல்ல. உங்கட தலையிலதான் அந்த மணம்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ற? ஊத்தினத நான் காணல்லயே தம்பி. மணந்தது மட்டும்தான். மணத்த வைச்சி ஒரு ஆள்ர சோத்தில மண் போடலாமா? எனக்கும் அதத்தானே செஞ்சாங்க." தேநீர்க் கோப்பையைத் தடவி எடுத்துக் குடித்தார். "நீங்க சொல்லுவீங்க எண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிண்டன். மறுகா போடியார் போகச் சொல்லிட்டார், போயிட்டன்."

எனக்கு அழுகை வந்தது. இத்தனை வயதுக்குப் பிறகு, மருமகள் பார்த்துக்கொண்டு நிற்க, அடக்க முடியாமல் அழுதேன். அவர் என் முழங்காலில் கையை வைத்தார். அந்தக் கையில் கண்ணாடி கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஓடுகிறது. அதை அவ்வளவு கிட்ட வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

புறப்படும்போது, மலரில் போடும்போது பெயர்களை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஏன் மாத்திற?" என்றார். "அந்தப் பேரச் சொல்லித்தானே ஊரெல்லாம் சிரிச்ச. அப்பிடியே போடுங்க." நான் செருப்பை மாட்டும்போது, "உங்கட பேரையும்" என்றார்.

ஆகவே ஒன்றையும் மாற்றவில்லை. பூட்டுக்குள் எண்ணெய் ஊற்றாதவரின் பெயர் அலியார். ஊற்றியவனின் பெயர் சாமித்தம்பி, அது நான்.